லென் ஹுடாக்கின் அசல் பிரேக்

லென் ஹுடாக்குக்கு வயது அறுபத்தெட்டு. வயதுக்காகவாவது 'அவர்' என்று சொல்ல வேண்டும். வாய் வரமாட்டேன் என்கிறது. கதையைக் கேட்டு முடித்த பிறகு யாருக்காவது வந்தால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆயுளெல்லாம் தண்ணீர் மீட்டர் பார்த்த ஆள். அடுத்தவன் வீட்டுக் கீழறையில் நுழைந்து, குனிந்து, டார்ச் அடித்து, எதையோ குறித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே வருவதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் அதே டார்ச்சோடு ஸ்லேட் ரன் பழைய கார் சங்கத்தில் தலைமை நடுவராகிவிட்டான். குனிவது, பிதுக்குவது, எல்லாம் அப்படியே தொடர்ந்தது. கார் தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்; ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மார்க் போச்சு. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அவன் ஆசையாக வைத்திருந்த காரைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ரேடியேட்டர் குழாயை இறுக்குகிற கவ்வி புதுசு என்று இரண்டு மார்க்கைக் குறைத்துவிட்டு, "உன் புருஷன் உசுரோட இருந்தப்பவும் சோம்பேறிதான்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்ன மகராசன் இவன்.

இவனுடைய சொந்தக் கார் 1951 மாடல். மேலே வெள்ளை, கீழே பச்சை. வருஷம் தவறாமல் 'முழு அசல்' பரிசு அதற்குத்தான். அதற்கு மார்க் போடுவது யார்? இவனே பொறுக்கி எடுத்த இரண்டு துணை நடுவர்கள். திருடன் கையில் சாவி. பரிசாக வந்த பித்தளைத் தகட்டைத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தான். அங்கே முன்பு பெர்னிஸின் தம்பி ராணுவ உடையில் நிற்கும் படம் இருந்தது.

பெர்னிஸ் இவன் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள். கை பெரிது, பேச்சு சிறிது. அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவளுடைய ஒரே தம்பி ரே அவள் வீட்டு வாசற்படி மிதித்து ஏழு வருஷமாகிறது. எங்கள் ஊர் ஸ்லோவாக்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, எதிர்பாராமல் வருகிறவனுக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது சம்பிரதாயம். பெர்னிஸ் அந்தத் தட்டை ரேவுக்காகவே வைப்பாள், மறுநாள் காலையில் சுத்தமாக இருக்கும் தட்டை மறுபடி கழுவி எடுத்து வைப்பாள்.

தம்பி வராததற்குக் காரணமும் லென்தான். ரே வீடு சேப்பல் தெருவின் உச்சியில். அந்தத் தெரு கூரையைச் சாய்த்துப் போட்டதுபோல் ஆற்றங்கரை வரைக்கும் நேராக இறங்கும். அந்தக் காலத்துக் கார்களில் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே குழாய் வழி. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் நாலும் போச்சு. ரேயின் பழைய காரில் அதுதான் நடந்தது. பாதித் தெருவில் பெடல் தரையோடு போய்விட்டது. கார் ரொட்டிக்கடையின் குப்பைத் தொட்டிகளை வாரிக்கொண்டு சுவரில் போய் நின்றது. ரேவுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஒரு நிமிஷம் முன்னால் அந்த இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

எலும்பு கூடியதும் ரே முதல் காரியமாக டிரம் பிரேக்கைக் கழற்றினான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி வைத்த புது பிரேக் சிலிண்டர், அதுவும் பானெட்டுக்குள்ளேயே. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். புத்தியுள்ளவன் செய்கிற காரியம். அவன் அதை மறைக்கவும் இல்லை. கண்காட்சிக்குக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்தே வைத்தான்.

லென் மைக்கைக் கையில் எடுத்தான். "இங்க பாருங்கப்பா, நம்ம மச்சினன் கார். பழைய சட்டை போட்ட புதுப் பய! பிரேக்குக்கு பயம்னா பஸ்ஸுல போகச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. சிரிக்கத்தானே செய்யும், அடி வாங்குகிறவன் வேறொருவன் என்றால். ரே பானெட்டை மூடினான், மடக்கு நாற்காலியை டிக்கியில் போட்டான், போய்விட்டான். சங்கத்துக்கும் வரவில்லை, அக்கா வீட்டுக்கும் வரவில்லை. பெர்னிஸ் கெஞ்சிப் பார்த்தாள். "உன்னப் பாக்கணும்னா உன் புருஷனையும் பாக்கணுமே, பெர்னி" என்றான் ரே.

போன குளிர்காலம் லென் கேரேஜ் ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டினான். கேட்டால், "துரு ஏறாம எண்ணெ போடுறேன்" என்றான். எண்ணெய் போட எதற்குக் காகிதம் என்று பெர்னிஸ் கேட்கவில்லை. இந்த மனிதனிடம் கேள்வி கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

வசந்தம் வந்தது, ஒரு ஞாயிறு மாதா கோயிலுக்குக் கிளம்பினார்கள். அந்தக் காரில் சேப்பல் தெரு இறங்குவதென்றால் பெர்னிஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தன் பக்கத்து வெறும் தரையை அழுத்துவாள். பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கும், லைனர் தீயும் நாற்றம் வரும். அன்றைக்கு அடிவாரத்து சிக்னலில் நின்ற பிறகுதான் கவனித்தாள்: கால் சும்மா கிடந்தது. வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, நேராக நின்றுவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"டிரம்ம நல்லா அட்ஜஸ்ட் பண்ணிருக்கேன்" என்றான் லென். ரேடியோவைப் போட்டான்.

அந்த இடத்திலேயே அவளுக்குப் பொய் என்று தெரிந்துவிட்டது. காரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. புருஷனைப் பற்றித் தெரியும். நிஜமாகவே ஒரு வேலையை நன்றாகச் செய்திருந்தால் மூன்று ஊருக்குக் கேட்கும்படி மூன்று மாசம் பீற்றிக்கொள்ளும் ஜென்மம் அது. இதை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஊருக்கெல்லாம் டிரம், தனக்கு மட்டும் டிஸ்க். எக்கேடு கெட்டாவது போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின ஊர்வலம். தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியம் முன்னே, லென் கார் அதற்குப் பின்னே, சேப்பல் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. பெர்னிஸ் பக்கத்தில் உட்கார்ந்து காகிதக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியக்காரர்களில் கடைசியாக நடந்தவன் கிழவன் ஸ்டுஷ் வோய்சிக், தன்னைவிடப் பெரிய டியூபா ஊதுகுழலைச் சுமந்துகொண்டு. தார்ச் சாலையின் பள்ளத்தில் கால் மடங்கி, டியூபாவோடு காருக்கு முன்னால் விழுந்தான். லென் பெடலை மிதித்தான். கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. பம்பருக்கும் ஸ்டுஷின் தொப்பிக்கும் நடுவே ஒரு கை வைக்கலாம்.

கைதட்டல் கேட்டது. ஆனால் ஓரத்தில் நாற்காலி போட்டிருந்த கார் சங்கத்துக் கிழவர்கள் யாரும் ஸ்டுஷைத் தூக்கப் போகவில்லை. எழுந்து வந்து காரைச் சுற்றினார்கள். ஒருவன் சக்கரத்தருகே குனிந்து மோந்துகூடப் பார்த்தான்.

"நாத்தமே இல்லையே! டேய் லென், டிரம்மாடா இது?"

"யோவ், மொதல்ல என்னத் தூக்குங்கய்யா" என்றான் கீழே கிடந்த ஸ்டுஷ்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் லென்னை யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிய பிரேக்; கிண்டல் செய்திருப்பார்கள், பீர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எதிர் வாசலில் ரே கை கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் காதில் விழ வேண்டுமென்றே லென் குரலை உயர்த்தினான்.

"அசல் டிரம்! அட்ஜஸ்ட் பண்ணத் தெரியணும். கை வேலை தெரியாதவன்தான் டிஸ்க் வாங்கி மாட்டுவான்."

பெர்னிஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. நம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து காரை வாசலில் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ரே. கையில் ஒரு கட்டு பீர். பெர்னிஸ் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டித் தக்காளிச் சாற்றில் வேகவைக்கிற ஹலுப்கி அடுப்பில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே ரேவுக்கு அது என்றால் உயிர். அலமாரியின் உச்சியிலிருந்து அந்தத் தட்டை எடுத்தாள்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்தபடி ரே தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"நான் பாத்தேன், லென். ஒத்துக்கறேன். நீ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் வேலை தெரியல. பழைய டிரம்ம எல்லாம் எண்ணெத் துணில சுத்தி வச்சிருக்கேன். திரும்ப மாட்டிடறேன். உன்னோடது மாதிரி நீ அட்ஜஸ்ட் பண்ணிக் குடு. சங்கத்துக்கும் வரேன், இங்கயும் வரேன். போதும், எத்தன வருஷம் முறைச்சுக்கிட்டு இருக்கறது."

ஏழு வருஷம் அவள் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அவள் சாற்றைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியமே இல்லை. லென்னுக்கு அவகாசம் கொடுத்தாள். சொல்லிடு. இப்பவாவது வாயத் திறந்து சொல்லிடு. தெரு உச்சியில் இருக்கிறது தம்பி வீடு. தினமும் இறங்க வேண்டும் அவன்.

லென் ஒரு பீரைத் திறந்தான்.

"சனிக்கெழமை கொண்டா. ஒரே காலைல முடிச்சுடலாம். அந்த ரெட்ட வழி சிலிண்டரையும் கழட்டிடு, அசல்ல ஒண்ணுதான்."

பெர்னிஸ் அடுப்பை அணைத்தாள். இத்தனை வருஷம் தான் கட்டிக்கொண்டது ஒரு முட்டாளை என்று நினைத்திருந்தாள். முட்டாளோடு குப்பை கொட்டலாம், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். இது முட்டாள்தனம் இல்லை. ஒரு பித்தளைத் தகட்டுக்காக, பிரேக் போய் ஒருமுறை எலும்பு முறிந்தவனை, அதே தெருவில் மறுபடி உருட்டிவிடப் பார்க்கிற பிறவி. இவன் உள்ளாடையையா இத்தனை நாள் துவைத்துப் போட்டோம்!

"ரே, வெளிய வா."

"சாப்பாடு?" என்றான் லென்.

அவள் நேராகப் போய்க் கார் டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்தாள். ஸ்பேனரைத் தம்பி கையில் வைத்தாள்.

"முன் சக்கரத்தக் கழட்டு. எப்படி அட்ஜஸ்ட் பண்ணிருக்கான்னு நீயே பாத்துக் கத்துக்க."

லென் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "ஏய், ஏய்! பெயின்ட்ல கீறல் விழும்! நல்லா ஓடுற வண்டிய எதுக்குடி நோண்டற?"

"பாக்கட்டும் லென். வித்தைய மச்சினனுக்குக் கத்துக்குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

ரே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வீல் கப்பை நெம்பி எடுத்தான். நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியை ஏற்றி, நட்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தை இழுத்தான். உள்ளே டிரம் இல்லை. கண்ணாடிபோல் மின்னும் டிஸ்க்கும் அதைக் கவ்வியபடி புத்தம்புது காலிப்பரும் இருந்தன.

ரே குந்தியபடியே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் தொட்டும் பார்த்தான்.

"நல்ல செட்டு" என்றான் கடைசியில். "என்னோடத விட ஒசத்தி. சிலிண்டரும் ரெட்ட வழிதான, லென்?"

லென் கழுத்தைச் சொறிந்தான்.

"எத்தன மார்க் கொறைக்கணும், நடுவரே?"

இந்த நேரத்தில்கூட அந்த மனிதன் வாயில் ஒரு மன்னிப்பு வரவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே! தொண்டையைக் கனைத்துக்கொண்டு விதி சொன்னான்: "சக்கரம் மாட்டியிருந்தா இது வெளிய தெரியாது. சிலிண்டரும் காலடித் தரைக்குக் கீழ இருக்கு. கண்ணுக்குத் தெரியாததுக்கு மார்க் கொறைக்க விதி இல்ல. நீ பானெட்டத் தெறந்து காட்டின, அது உன் தப்பு."

"சனிக்கெழம என்னோடதக் கழட்டிருப்பியே" என்றான் ரே. "திங்கக்கெழம காலைல நான் சேப்பல் தெரு இறங்கிருப்பேனே, லென்."

"மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது."

ரே எழுந்து நின்றான். ஸ்பேனர் இன்னும் கையில்தான் இருந்தது. பெர்னிஸ் அதை மெதுவாக வாங்கித் தரையில் வைத்தாள்.

"இதுக்குப் போயி கைய அழுக்காக்கிக்காத. வா, சாப்பாடு ஆறுது."

உள்ளே கூட்டிப்போய், சோப்பு எடுத்துக் கொடுத்து, கை கழுவச் சொல்லி, அந்தத் தட்டில் மூன்று ஹலுப்கி வைத்தாள். ரே முதல் துண்டை வாயில் போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மென்றான். அவள் எதிரே உட்கார்ந்தாள். மேஜையில் இரண்டு தட்டுதான் இருந்தது.

வெளியே லென்னுக்குச் சோதனைக் காலம். இரண்டாவது பூசை முடிந்து ஜனங்கள் தெருவில் வர ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் காலை நொண்டிக்கொண்டு ஸ்டுஷ் வோய்சிக், பின்னால் கார் சங்கத்து ஆட்கள் நாலு பேர். சக்கரத்தை மாட்டிவிடலாம் என்றால் நட்டெல்லாம் ரேயின் சட்டைப் பையில். தலைமை நடுவர் வேறு வழி தெரியாமல் காலிப்பருக்கு முதுகைக் காட்டிக் குந்தி, போட்டிருந்த கோட்டை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"பெர்னி!" என்று ஜன்னல் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான். "ஏய் பெர்னி! நட்டக் குடுக்கச் சொல்லு! ஆளுங்க வராங்க!"

பெர்னிஸ் ஜன்னலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். பிறகு குந்தியிருந்தவனைப் பார்த்தாள்.

"நல்லா மறைச்சுக்கிட்டு உக்காரு" என்றாள். "கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் மார்க் கொறையாதே."

ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுப் போய், தம்பியின் தட்டில் இன்னொன்று வைத்தாள்.