சாமிப் பூவுக்காகக் கழற்றிய சப்பாத்து

எழுபதுகளில் நடந்தது. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கோடை விடுமுறையில் மெல்பேர்னிலிருந்து நானும் கணவரும் ஒரு மலையில் நடக்கப் போனோம். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் அந்த உச்சி முழுவதும் வெள்ளை டெய்சிப் பூக்கள். பூப் பறிக்கக் கூடாது என்ற பலகையை அவருக்குக் காட்டினேன்.

"சாமிக்குத்தானே! சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நாலு பூ பிடுங்கும்" என்றார்.

சாமிப் பூவைச் சப்பாத்தோடு பறிக்கக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். மடைச்சி மாதிரிக் கழற்றினேன். மூன்றாவது பூவுக்குக் குனிந்தபோது, வெறுங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, செம்பு நிறப் பாம்பொன்று தலையைத் தூக்கியது. மூச்சு விடாமல் நின்றேன். அது மெல்லப் புல்லுக்குள் போய்விட்டது.

திரும்பினால், அவர் பாதையில் சப்பாத்தோடு நிற்கிறார்.

"பாத்தீரே, பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்!"

"கடிச்சிருந்தா உங்கட பிள்ளையாரே என்னைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கியிருப்பார்?"

சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் மலை இறங்கினேன்.

இப்போது மலையில் எந்தப் பூவையும் தொடுவதில்லை, சப்பாத்தையும் கழற்றுவதில்லை. சாமிக்கு எங்கள் வீட்டு வளவுப் பூதான். அதை அவரே பறிக்கிறார், வெறுங்காலோடு.