குமிழைத் தொடாத கை

மைக் செட் வாடகைக்கு விடுகிற அந்த மனிதருக்கு லவுடு என்று பெயர் வந்தது அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளால்தான், பேச்சால் அல்ல. அவர் பேசினால் பக்கத்தில் நிற்கிறவரே காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்கவேண்டும். பாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் லவுடு மாமா என்று ஆரம்பித்தார்கள், பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி மட்டும், "ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்கிறார், வீட்டுல உப்பு வேணும்னா கைஜாடை காட்டுறார்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவரிடம் ஒரு கைமருந்து இருந்தது. பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சியில் எந்தப் பிள்ளையாவது மேடை ஓரத்தில் நின்று வெலவெலத்தால், மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் போய்க் குனிவார். "மைக்கு இன்னும் போடலைடா கண்ணு. சும்மா பாடிப் பாரு, எனக்குக் கேட்டா போதும்" என்பார். பிள்ளை நம்பும். அடைத்த தொண்டை திறக்கும். இவர் தன் இடத்துக்கு ஓடிப்போய் ஆம்ப்ளிபயர் குமிழை மயிரிழை மயிரிழையாக ஏற்றுவார். தன் குரல் மண்டபமெல்லாம் போகிறது என்று பிள்ளைக்குத் தெரியவரும்போது பாட்டு பாதி முடிந்திருக்கும். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? பிள்ளை மிச்சத்தையும் பாடிவிட்டு இறங்கும்.

பொய்தான். நல்லதுக்குச் சொன்ன பொய் என்பார்கள். எந்தப் பொய்யும் சொன்னவனுக்கு நல்லதாகத்தான் இருக்கும், கேட்டவர்களைக் கேட்டால் அல்லவா தெரியும்.

போன வருஷம் அந்த மருந்தைத் தன் மகளுக்கே கொடுத்தார். ஒல்லியாக, கூராக இருப்பாள் என்று அவளைக் குண்டூசி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முதல் மேடை. கை இரண்டும் ஐஸ்கட்டி. "மைக்கு அணைச்சிருக்கு" என்று அப்பா சொன்னதை அப்படியே நம்பி நின்றாள். அவர் ஒரு மூச்சு அவசரப்பட்டுக் குமிழை ஏற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை, யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்து, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள்.

கடைசி வரிசைவரைக்கும் தெளிவாகக் கேட்டது. மண்டபமே உருண்டு உருண்டு சிரித்தது. பிள்ளை ஓடினாள், வழியில் ஒயரில் தடுக்கி விழுந்து எழுந்தும் ஓடினாள்.

அதோடு பாட்டு நின்றுபோனது. அப்பா மன்னிப்புக் கேட்டார், பொம்மை வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் எடுபடவில்லை. பல மாதம் கழித்துப் பாட்டு டீச்சர்தான் மெல்ல மெல்ல அவளை வழிக்குக் கொண்டுவந்தாள். தன் வீட்டுக்கு அழைத்துப்போய், முதலில் சுவரைப் பார்த்துப் பாட வைத்தாள், அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால், அப்புறம் மொட்டை மாடியில். இந்த வருஷம் தனிப்பாட்டு, மழையைப் பற்றிய சின்னப் பாட்டு. நிகழ்ச்சிக்கு முதல்நாள் டீச்சர் லவுடு வீட்டுக்கே வந்து சொன்னாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு அவகிட்ட நீங்க ஒரு வார்த்தையும் பேசக்கூடாது."

"சரிம்மா" என்றார் லவுடு. வேறு என்ன சொல்வார்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பக்கவாட்டில், படியோரத்தில் மேஜை போட்டு லவுடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மேடையும் தெரியும், ஜனமும் தெரியும். மேடையில் பையன்கள் கூட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது குண்டூசி. திரைமறைவில் அவள் பாவாடை நுனி மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டே இருந்தது. காற்றுக் கிடையாது அங்கே.

டீச்சர் படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, உங்களைக் கூப்பிடுறா."

"என்னையா? நீதானேம்மா பேசக்கூடாதுன்னே."

"நான் சொன்னேன். அவ கேட்கலையே. சீக்கிரம் வாங்க, இவனுங்க முடிக்கப்போறாங்க."

லவுடு போனார். பிள்ளை திரைத் துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"அப்பா, நிஜத்தைச் சொல்லுங்க. மைக்கு போட்டிருக்கா, இல்லையா?"

லவுடுவுக்கு நாக்கு நுனிவரை பழைய மருந்து வந்தது. முழுங்கினார்.

"போட்டிருக்கும்மா."

"எவ்வளவு தூரம் கேட்கும்?"

"வாசல்வரைக்கும்."

அவள் கண் நிறைந்தது. ஆனால் அழவில்லை. "அணைச்சிடுங்க."

"அணைச்சா பின்னாடி இருக்கிறவங்களுக்கு…"

"தெரியும். நான் உங்களைப் பார்க்கிறவரைக்கும் போடக்கூடாது. யார் சொன்னாலும் போடக்கூடாது. கடைசிவரைக்கும் நான் பார்க்கலைன்னா, கடைசிவரைக்கும் கிடையாது."

"சரி."

"பொய் சொன்னீங்கன்னா இனிமே நான் பாடவே மாட்டேன்ப்பா. சத்தியமா."

கைதட்டல் கேட்டது. பையன்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். லவுடு தன் மேஜைக்குத் திரும்பினார். குமிழை முழுசாக இறக்கினார். அது போதாதென்று மைக்குக்கான சுவிட்சையும் தட்டினார். அவள் பக்கம் தெரிகிறமாதிரி இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பிள்ளை மேடையேறி, முதலில் அந்த விளக்கைத்தான் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைக் செட்காரனுக்கு மைக் செத்துப்போவது என்றால் என்னவென்று வேறு யாருக்கும் புரியாது. தையல்காரன் தைத்த சட்டை நடுத்தெருவில் பிரிந்து தொங்குகிற மாதிரி அது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பெட்டி மூச்சுவிடாமல் இருந்ததில்லை.

டீச்சர் கீபோர்டில் விரல் வைத்தாள். பிள்ளை பாடினாள். பாடினாள் என்று வாய் அசைவில்தான் தெரிந்தது. முன்வரிசையில் அவள் அம்மா காதை முன்னால் நீட்டினாள். பின்னால் இருந்து ஒரு குரல்:

"மைக்கு!"

அப்புறம் இன்னொன்று. "சவுண்டு, சவுண்டு!"

"லவுடு தூங்கிட்டாரு போல!"

"தண்ணி தெளிச்சு எழுப்புங்கப்பா!"

யாரோ விசில் அடித்தார்கள். பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. குரல் இன்னும் சுருங்கியது. ஒரு அடி நடுவிலேயே நின்றுபோனது.

லவுடுவின் வலது கை தானாகக் குமிழுக்குப் போனது. மயிரிழை ஏற்றினால் போதும். எத்தனை பிள்ளைகளை இப்படிக் கரை சேர்த்திருக்கிறார்! தன் பிள்ளை கண்ணெதிரே மூழ்குகிறாள், கைக்கெட்டுகிற தூரத்தில் கயிறு கிடக்கிறது, எடுத்து வீசக்கூடாது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முன்வரிசையிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்து, "போடுங்களேன்!" என்று வாயசைத்தாள். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். அவள் முறைத்த முறைப்பில் பெட்டியே உருகியிருக்கும்.

டீச்சர் நின்ற அடியைத் திரும்ப வாசித்தாள். இந்தத் தடவை கீபோர்டின் சத்தத்தைக் குறைத்து, ஒற்றை விரலால். பிள்ளை மூச்சை இழுத்தாள். பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் பள்ளிச் செயலாளர் வேட்டியா கால்சட்டையா என்று தெரியாத வேகத்தில் வந்து சேர்ந்தார். அந்த மண்டபத்தில் அவர் சொன்னால்தான் விசிறியே சுற்றும்.

"என்னய்யா, ஒயர் போச்சா?"

"இல்லீங்க."

"அப்ப போடு!"

"போட முடியாதுங்க."

"என்னது?"

"பாடுறவ சொல்லணும். இன்னும் சொல்லலை."

"விளையாடுறியா? இத்தனை பேரைக் கூட்டிவச்சு நான் என்ன ஊமைப் படமா காட்டுறேன்?" செயலாளர் மேஜைமேல் கை நீட்டினார். லவுடு தொடைக்கு அடியில் இருந்த கையை உருவிச் சுவிட்சின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"கையை எடுய்யா."

"நீங்க எடுங்க."

"அடுத்த வருஷம் இந்த வாசப்படி ஏறமாட்டே, பார்த்துக்க."

"சரிங்க. இப்பப் பேசாம இருங்க, பிள்ளை பாடுது."

செயலாளர் வாயைத் திறந்தார். அவர் பேசுமுன் நடுவரிசையில் ஒரு ஆள் பின்பக்கம் திரும்பி, "உஷ்! சத்தம் போடாம இருந்தாத்தானே கேட்கும்!" என்று அதட்டினார். அது பக்கத்து வரிசைக்குப் போனது, அங்கிருந்து அதற்குப் பின்னால். நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றது. ஜனம் ஒட்டுமொத்தமாக முன்னால் சாய்ந்தது. இப்போது அந்தக் குரல் கேட்டது. மெல்லியதுதான், அறுந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு மெல்லியது. ஆனால் அறுபடவில்லை.

முதல் சரணம் முடிந்தது. டீச்சர் இடையிசை வாசித்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து லவுடுவைப் பார்த்தாள்.

போடச் சொல்கிற பார்வையா, ஓடிவரப்போகிற பார்வையா? தப்பாகப் புரிந்துகொண்டு போட்டுத் தொலைத்தால்? இடையிசை முடியப்போகிறது. செயலாளர் அவர் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். லவுடு அசையவில்லை.

பிள்ளை மைக்குக் கம்பியை எட்டிப் பிடித்து, தன் வாய்க்கு நேராக இழுத்து வைத்தாள். அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தாள், எவ்வளவு நேரம் மனுசனே என்கிறமாதிரி.

சுவிட்சைத் தட்டினார். குமிழை மயிரிழையாக அல்ல, ஒரே ஏற்றாக ஏற்றினார். இரண்டாம் சரணம் மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் விழுந்தது. தன் குரல் அத்தனை பெரிதாகத் திரும்பி வந்ததைக் கேட்டுப் பிள்ளை ஒரு கணம் திடுக்கிட்டாள், ஆனால் வாயை மூடவில்லை.

எல்லாம் முடிந்து மண்டபம் காலியான பிறகு லவுடு பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை வந்து நின்றாள்.

"முதல் பாதி யாருக்குமே கேட்கலையா?"

"ஆரம்பத்துல முன்னாடி ரெண்டு வரிசைக்கு. அப்புறம் பாதி மண்டபத்துக்கு."

"நல்லாப் பாடினேனா?"

லவுடு பெட்டியைக் கீழே வைத்தார். "முதல் சரணத்துல ஒரு இடத்துல சுருதி இறங்கிடுச்சு. ரெண்டாவது நல்லா இருந்துச்சு."

"பிள்ளையைப் பாராட்டத் தெரியுதா பாரு!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"டீச்சரும் அதேதான் சொன்னாங்க" என்றாள். பிறகு, "அடுத்த வருஷம் உங்களை வரக்கூடாதுன்னுட்டாரா செயலாளர் மாமா?"

"ஆமா."

"அப்ப எனக்கு யார் மைக்கு போடுறது?"

"வேற ஆள் வருவாங்க."

"வேற ஆள் நான் சொன்னாக் கேட்பாங்களா?" அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் செயலாளர் விளக்குகளை அணைக்கச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். "இருங்க, வரேன்."

"ஏய், எங்க போறே? அவர் கோவத்துல இருக்காரு!"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் முன்னால் திரையைப் பிடித்துக்கொண்டு நடுங்கின அந்தப் பிள்ளை, செயலாளர் முன்னால் போய் நின்று, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள்.