ஆறு தெரியும் என்று சொன்னேன்

எங்கள் கட்சால் தீவுக்குக் கப்பல் ஏறுவதற்காக ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் காத்திருந்த அன்று, ஆராய்ச்சிக்கு ஆள் தேடி வந்த மேடம் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க தீவுல ஓடுற ஆறு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நல்லாவே தெரியும்."

நல்லாவே என்ற வார்த்தையை ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மேடம் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தார், தமிழ்நாட்டுக்காரர். சுனாமியில் கட்சாலின் தரை தாழ்ந்துபோனதால் கடல் உள்ளே வந்த இடங்களில் உப்புச் சேற்றில் வளரும் கண்டல் செடி புதிதாக முளைக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. இரண்டு பேர் உட்காரும் கயாக் என்ற துடுப்புப் படகு ஒன்றைக் காற்றிறக்கி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். பின்னால் அவர், முன்னால் வழி சொல்ல ஒருவர். ஒரு வாரம் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அவரையே மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அப்போதுதான் தாவரவியல் பட்டம் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவர்களே கிடையாது. படித்த படிப்புக்கு ஏற்ற முதல் வேலை இதுதான், விட்டால் ரப்பர் மரத்தில் பால் வெட்டத்தான் போகவேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம்.

உண்மை என்னவென்றால், நாங்கள் தோட்டத்து ஆட்கள். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து நேரே ரப்பர் காட்டுக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள். தண்ணீர்ப் பக்கம் எங்களுக்குப் பழக்கமே இல்லை. ஆற்றைப் பாலத்து மேல் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். சுனாமி வந்தபோதுகூட நான் ஊரில் இல்லை. வேறு தீவில், பெரார்கஞ்சில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பட்டம் முடிக்கும்வரை நாலு வருடத்தில் ஊருக்குப் போனதே இரண்டு முறை.

கட்சாலில் இறங்கிய மறுநாள் விடியற்காலை எங்கள் தகரக் கொட்டகை வீட்டின் முன்னால் கயாக்குக்குக் காற்றடிக்கும்போது, பால் வெட்டக் கிளம்பிய அப்பா வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"ரப்பரா? நம்ம பாலுல செஞ்சதாத்தான் இருக்கும்."

மேடம் சிரித்தார். அப்பா என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ஏன்டா, ஆத்துல நீ காலு நனைச்சதுண்டா? அந்த அம்மாவ எங்க கூட்டிட்டுப் போவுற?"

"சும்மா இருங்கப்பா, பாத்துக்கிறேன்."

கரையில் ஒரு நிக்கோபாரி அண்ணன் வலையை உதறிக்கொண்டிருந்தார். கயாக்கைப் பார்த்ததும் அருகே வந்தார். "ராஸ்தா மாலும் ஹை? வழி தெரியலன்னா நான் வர்றேன்" என்று இந்தியில் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்குத்தான் இடம். அவர் ஏறினால் இறங்கவேண்டியது நான். "ஜரூரத் நஹி, வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடியும் வலையை எடுத்துக்கொண்டார்.

காலை எட்டு மணி. கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு மேல் வற்றத் தொடங்கும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். வற்றினால் இடுப்பளவு சேறு. முதலையும் உண்டு.

எனக்குத் தெரிந்த பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. சுனாமி அதைக் கொண்டுபோனது அதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்?"

"இடது மேடம்."

தயங்காமல் சொன்னேன். தயங்கினால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். அடுத்த பிரிவிலும் அப்படித்தான், வலது என்றேன். துடுப்பை வேகவேகமாகப் போட்டேன். "மெதுவா, மெதுவா, யாரும் துரத்தல" என்றார் மேடம். என்னால் மெதுவாகப் போட முடியவில்லை. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் தெரிந்த ஏதாவது ஒன்று வந்துவிடும் என்று நினைத்தேன். கண்டல் வேரும் பச்சைத் தண்ணீரும்தான் வந்தன. மேடம் நடுநடுவே நிறுத்திச் செடிகளை எண்ணி எழுதிக்கொண்டார். அவர் எழுதும் நேரமெல்லாம் நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்கால் இருக்கும். இரண்டு பக்கக் கரையும் காணாமல் போய்விட்டது. அகலமான, அசையாத தண்ணீர். அதில் பட்டுப்போன வெள்ளை மரங்கள்.

"இது ஆறுதானா?"

"ஆறுதான் மேடம். அகலமாயிடுச்சு."

சொல்லிக்கொண்டே ஒரு மரத்தைப் பிடித்தேன், படகு நிற்பதற்காக. என் கைக்கு நேரே பட்டையில் சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. அதன் கீழே துருப்பிடித்த கம்பி, கம்பியில் பால் பிடிக்கும் சிரட்டை, பாதி உடைந்து. நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து மரத்திலும் தழும்பு. அதற்கடுத்ததிலும். மரமெல்லாம் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் நின்றன.

நாங்கள் ஆற்றில் இல்லை. எங்கள் தோட்டத்துக்குள் இருந்தோம். பள்ளத்தில் இருந்த பழைய ரப்பர் மலை அது. தட்டையாக இருந்தாலும் தோட்டத்தை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். ஏறிய தண்ணீர் எங்களை ஆற்றைவிட்டு எங்கேயோ விலக்கி உள்ளே கொண்டுவந்து விட்டிருந்தது. அங்கே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, வற்றினால் என்ன மிஞ்சும், எதுவும் எனக்குத் தெரியாது.

"மேடம், எனக்கு இந்த ஆறு தெரியாது."

மேடம் துடுப்பை மடியில் வைத்தார்.

"எந்த வளைவுல இருந்து?"

"முதல் வளைவுல இருந்து."

"அதாவது, மொத்தமும்."

"ஆமா மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். "சரி. தெரிஞ்சது ஏதாவது இருக்கா?" என்றார்.

"இது ரப்பர் தோட்டம். வரிசையோடயே போனா ரோடு வரணும். ரோடு மேட்டுல இருக்கும்." ஒரு வரிசைக்கு இரண்டு முனை என்பதும் ஞாபகம் வந்தது. "எந்த முனைன்னு மட்டும் தெரியல."

வெயில் விழும் பக்கத்தைப் பார்த்து ஒரு முனையை அவரே முடிவு செய்தார். வரிசை நடுவில் துடுப்புப் போட்டோம். விழுந்து கிடந்த மரங்களில் படகின் அடி உரசும்போதெல்லாம் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். தண்ணீர் வற்றத் தொடங்கி, சருகுகள் மிதக்கும் திசை மாறிவிட்டதை இருவரும் பார்த்தோம், துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டோம். கடைசியில் அடியில் கல் தட்டியது. ரோடு. முழங்கால் தண்ணீரில் இறங்கி, வழுக்கி வழுக்கி இழுத்து, பிறகு தூக்கிக்கொண்டு நடந்தோம். மேடம் காலில் சிப்பி கிழித்து ரத்தம்.

ரோடு பெரட்டுக்களத்தில் முடிந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானம். பால் வெட்டு முடிந்து எல்லோரும் பால் வாளியோடு அங்கேதான் நின்றார்கள். அப்பாவும்.

"என்னாடா, ஆத்துல போனவன் தோட்டத்துல இருந்து வர்ற?"

எல்லோரும் சிரித்தார்கள். "படகுல பால் எடுத்தாந்தியா?" என்று ஒரு அக்கா கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு படகைப் பிடித்திருந்தேன்.

சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டார். காலில் கட்டுப் போட்டிருந்தது.

"நாளையில இருந்து படகுல அந்த நிக்கோபாரி அண்ணன் வருவார், பேசிட்டேன். உங்களுக்குக் கரையில செடி எண்ணுற வேலை இருக்கு. இஷ்டம்னா இருங்க. ஆனா தெரியாததத் தெரியும்னு சொல்ற ஆளோட நான் இன்னொரு தடவை தண்ணியில இறங்க மாட்டேன்."

"இருக்கேன் மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "வேலை போச்சா?"

"பாதி போச்சு."

"பாதின்னா எந்தப் பாதி?"

"தண்ணியில இருக்கற பாதி."

அப்பா முகத்தில் நாள் முழுக்க இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. "அப்ப ரொம்ப நல்லது. கை கழுவிட்டு வா, சாப்புடு" என்று தட்டை இழுத்து உட்கார்ந்தார். போன பாதியை நினைத்து எனக்கு உட்காரத் தோன்றவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.