கழுவும் பலகை

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில், எங்கள் தெருவில், வீட்ஸ்கேயைக் கண்டால் வாத்துகூடக் கரையேறிவிடும். இலையுதிர் காலம் வந்தால், கொக்கி வைத்த நீளக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீர்வாரியத்துக்காக ஊர் வாய்க்கால்களைச் சோதிக்கக் கிளம்புவாள். சம்பளமில்லை. அடுத்தவர் குற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதும் சுகமே அவளுக்குப் போதும்.

அவள் தேடியது ஒரு வெளிநாட்டுப் பூண்டு. வல்லாரை மாதிரி வட்ட இலை, ஓரத்தில் வெட்டு. விரல்நீளத் துண்டு விழுந்தால் போதும், ஒரே கோடையில் வாய்க்காலை மூடிவிடும். அடியில் மீன் மூச்சுமுட்டிச் சாகும். குத்தகை நிலத்து வாய்க்காலில் மூன்று வருடம் தொடர்ந்து அது இருந்தால் குத்தகை ரத்து.

அவள் வீட்டைத் தாண்டி, தண்ணீர் போகிற பக்கம் ஹாயேயின் குத்தகை நிலம். இருபது செம்மறிகளைத் தவிர அவனுக்கு யாருமில்லை. குளிரில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு வேராகக் கையால் பிடுங்குவான். வசந்தத்தில் மறுபடி வந்து நிற்கும்.

"சோம்பேறி வாய்க்கால்லதான் ஹாயே இது வளரும்," என்றாள் வீட்ஸ்கே, எல்லார் முன்னாலும்.

"தினம் பிடுங்குறேங்க."

"பிடுங்குற லட்சணம்தான் தெரியுதே."

மூன்றாம் வருடமும் அவன் பெயரை எழுதினாள். செம்மறிகள் லாரியேறின.

ஊரைவிட்டுப் போகுமுன் அவளிடம் சொல்லிக்கொள்ள வந்தான். சேற்று மரச்செருப்போடு எங்களூரில் யாரும் வீட்டுக்குள் நுழைவதில்லை. அவள் கொல்லைப்புற வாய்க்கால் பலகையில் உட்கார்ந்து கழுவினான். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து வீட்ஸ்கே தன் செருப்பையும் கழியையும் தினம் கழுவுவதும் அங்கேதான். தன் வாய்க்காலை மட்டும் அவள் சோதித்ததில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாயே குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து வட்ட இலைக் கொடியை இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

"இங்க பாருங்க. இங்கேருந்துதான் எனக்கு வந்திருக்கு."

வீட்ஸ்கே பார்த்தாள். முகம் வெளுத்தது. ஒரு நிமிடம்தான்.

"உன் செருப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். நல்லாக் கழுவிட்டு உள்ள வா, காப்பி ஆறுது."

"வேரு கை நீளம் இருக்குங்க."

"ஆறுதுன்னேன்."

ஹாயே என் ஜன்னலைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாய்க்காலும் அவள் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருந்தது. அவன் செருப்பைக் கழுவி, வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்க் காப்பி குடித்தான்.

மறுநாள் அவள் பலகையடிக் கொடியைக் கழியால் குத்திக் கிழித்தாள். துண்டுகள் ஹாயேயின் பழைய நிலத்துப் பக்கம் மிதந்து போயின. அடுத்த இலையுதிர் காலத்தில், அந்த நிலத்துக்குப் புதிதாக வந்தவனின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதினாள்.