ஆக்சிஜன் ஆணியும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் வண்டியூரில் பிறந்தார். அப்பா காலமானபின் செல்லூரில் தறி நெய்து என்னை வளர்த்தார். தாமும் படித்துக் கல்லூரியில் ரசாயன ஆசிரியரானார். ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திவிடுவார். "உங்க அண்ணே நெய்யிற சேலையில பொய் இருக்காதுப்பா" என்பார் பக்கத்துத் தறிக்காரர்.

நான் நூல்கடைக்காரன். எனக்குத் தெரிந்த ரசாயனமெல்லாம் அண்ணன் சாப்பிடும்போது சொன்னதுதான்.

அயனியாக்கும் ஆற்றலைக் கற்பிக்க அவர் ஒரு பலகை செய்தார். ஓர் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அந்த உயரத்தில் அந்தத் தனிமத்துக்கு ஓர் ஆணி. ஆணிக்கு ஆணி என் கடைச் சிவப்பு நூல்.

"வரிசையில வலப்பக்கம் போகப் போக அணு கெட்டியாப் பிடிச்சுக்கிரும்டா. கீழ வர வர வெளி எலெக்ட்ரான் தூரமாயிரும், பிடி தளர்ந்துரும்" என்பார். லித்தியத்திலிருந்து நியான் வரை நூல் ஏறும். போரானிலும் ஆக்சிஜனிலும் மட்டும் சற்று இறங்கும். "அந்த ரெண்டு பள்ளத்துலதாண்டா பாடமே இருக்கு. ஆக்சிஜன்ல ரெண்டு எலெக்ட்ரான் ஒரே இடத்துல நெருக்கியடிச்சுக் கெடக்கு. ஒண்ணை உருவுறது லேசு."

மேலதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, துறைத் தலைவர் இன்னோர் ஆசிரியரை விட்டு அவ்விரு ஆணிகளையும் பிடுங்கி மேலே அடிக்க வைத்திருந்தார். பார்வைக்குக் கோணலாம்! அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் ஆணி பிடுங்கும் குறடு எடுத்தார்.

"என்னய்யா பண்றீரு?" என்றார் துறைத் தலைவர்.

"ஆக்சிஜனை அதோட எடத்துல வைக்கிறேன் சார்."

"நேரா ஏறுனா யாருக்கய்யா நட்டம்?"

"படிக்கிற பயலுகளுக்கு சார்."

அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு, மேலே ஆணி அடித்த ஆளுக்குப் போயிற்று.

காசநோயில் படுத்தபோதும் அண்ணன் பதவியைப் பற்றிப் பேசவில்லை. "பலகை பத்திரமாடா?" என்பதே பேச்சு.

கல்லூரி இரங்கல் கூட்டத்தில் பலகைக்குப் பெரிய மாலை சாத்தியிருந்தார்கள். "வளைந்து கொடுக்கத் தெரிந்த உத்தமர்" என்று துறைத் தலைவர் கண்ணைத் துடைத்தார். சந்தேகப்பட்டு மாலையைத் தூக்கிப் பார்த்தேன். பள்ளங்களைக் காணோம், நூல் நேராக ஏறியிருந்தது.

"தம்பி, இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"எங்க அண்ணே இருந்த வரைக்கும் எறங்கித்தானே இருந்துச்சு சார். அவரு போனதும் ஏறிருச்சாக்கும்?"

பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆணிகள் பழைய துளைகளுக்கே திரும்பிவிட்டன.

ஊசி போட வீடு தேடி வந்த மருத்துவருக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த அவனியாபுரத்து அத்தைக்கும், பாடை சுமந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துறைத் தலைவருக்கு நன்றி சொல்ல என் கை எழவில்லை.

நினைவு நாளன்று பலகை எங்கள் கூடத்தில் இருக்கும். வருகிறவர்கள் விளக்கேற்றுங்கள், உதிரிப்பூ வையுங்கள். மாலை மட்டும் வேண்டாம். ஆக்சிஜன் ஆணி மறைந்துவிடும்.