சயாம் மூன்று மணி தூரம்

காலை எட்டு மணி, ஜப்பான்காரன் முன்னே தள்ளி வைத்த கடிகாரப்படி. பாடாங் செராய்க்குப் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரி புறப்பட்டது. சுங்கைப் பட்டாணி ரயில் நிலையம் ஏறக்குறைய பதினாறு மைல். பின்னால் பன்னிரண்டு பால்வெட்டு ஆட்கள். முன்னால், டிரைவர் சாமிக்கண்ணுவின் பக்கத்தில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகிய நான். அவர்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

அவர்கள் மறுக்காமல் ஏறியதற்குக் காரணம் என் வாய். சயாம் எவ்வளவு தூரமென்று முதல்நாள் கேட்டார்கள். படித்த திமிரில் தேசப்படத்தை விரித்து அடிக்கோல் வைத்தேன். சுங்கைப் பட்டாணி விமானத் திடலிலிருந்து பாங்காக் விமானத் திடலுக்கு, ஆகாய வழியில் ஐந்நூற்று எழுபது மைல். மணிக்கு நூற்றுத் தொண்ணூறு மைல் பறந்தால் மூன்று மணி நேரம். கணக்கில் பிழையில்லை. ஆனால் விமானம் என்ற சொல்லை விட்டுவிட்டு, "மூணு மணி தூரம்" என்று மட்டும் சொன்னேன். மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். ஜப்பான்காரன் கேட்ட பன்னிரண்டு பேரை நான் சேர்த்தாக வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் யாரும் தூரத்தை மைலில் சொல்வதில்லை, காலால்தான் அளப்பார்கள். லூனாஸ் ஒன்றரை மணி தூரம் என்றால் ஒன்றரை மணி நடை. இது எனக்கும் தெரியும்.

ஒன்பதரை மணிக்குக் கரி எரித்து ஓடும் லாரி மூச்சுவாங்கி நின்றது. சாமிக்கண்ணு அடுப்பைக் கிளறினார். ஆட்களில் ஒருவனான வீரய்யன் இறங்கி என்னிடம் வந்தான்.

"டேசன்லேருந்து மூணு மணி தூரந்தானே ஐயா, சனிக்கிழமை ராத்திரியே கிளம்பி ஞாயித்துக்கிழமை காலையிலயே நடந்து வந்துருவேன். அஞ்சலைகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவளுக்கு இது ஏழாம் மாசம். தூரமா இருந்தா நேத்தே காட்டுக்குள்ள ஓடியிருப்பேன்."

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் அடர்ந்த கித்தாக் காடுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் ஓடி மறைந்திருப்பான். ஆனால் ஒரு தலை குறைந்தால் அந்த இடத்தில் என்னை ஏற்றுவார்கள்.

"பார்க்கலாம்" என்றேன். சாமிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதினொரு மணி, ரயில் நிலையம். சரக்குப் பெட்டிகள், உட்காரப் பலகைகூடக் கிடையாது. வீரய்யன் கையில் ஒரு வேளைக்கான மரவள்ளிக் கிழங்கு, துண்டில் முடிந்திருந்தது. திடலிலிருந்து ஒரு விமானம் கிளம்பி வடக்கே போனது.

"அது ரொம்பத் தூரம் போகுது போல" என்றான் அவன். "நமக்கு அவ்வளவு இல்ல."

சிப்பாய் கதவை இழுத்துச் சாத்தினான். ஆட்களை ஒப்படைத்ததற்கான சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாலை நான்கு மணிக்குத் தோட்டம் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அஞ்சலை ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். கையில் தூக்குச்சட்டி.

"காலையிலயே வரேன்னாரு ஐயா, காணோம். வேலை விடலை போல. நானே போய்க் கஞ்சியைக் குடுத்துட்டு வந்துர்றேன். எந்தச் சடக்குல போகணும்?"

பாங்காக் வரை அடிக்கோல் பிடித்த கை, ஒரு திசையைக் காட்ட எழவில்லை.

"வெயிலா இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்லா" என்றேன்.

"சரிங்க ஐயா." அவள் சட்டியை என் மேசைமேல் வைத்தாள். "ஆறிப்போச்சு. நீங்களாச்சும் குடிங்க."

அரிசியைக் கண்ணில் காணாத காலம். அவள் போகும்வரை பொறுத்திருந்து குடித்தேன்.