குரங்கு ஓட்டும் மெட்டு

எங்கள் சுவிசேஷப் பாட்டுக் குழுவில் நான்கு பேர். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் வாத்தியார் எங்களைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்வார். எந்த ஊர் போனாலும் அதே வார்த்தைகள்தான்.

“இவர் பேய் பிசாசுக்கு உடுக்கை அடித்தவர். இவர் சேந்தமங்கலம் சந்தையில் பலாப்பழம் கூவி விற்றவர். இந்தப் பெண் காட்டில் குரங்கு ஓட்டினவள். மூன்றும் காட்டுக் குரல்கள். நான்தான் பழக்கிப் பாட வைத்தேன்.”

கூட்டம் சிரிக்கும். மிஷன் துரையும் சிரிப்பார். நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

அது வெள்ளைக்காரர் காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. துரை டோலியில் வந்தார், வாத்தியாரின் ஆர்மோனியம் ஒருவர் தலைமேல் வந்தது. நான் சுரத்துக்கு மருந்து வாங்க அவர்கள் கொட்டகைக்குப் போனவள். சுரம் விட்டது, பாட்டு பிடித்துக்கொண்டது. ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டேன். அம்மா வாங்கவில்லை. “நீ போய்ப் பாடு கண்ணு, நான் காட்டைப் பாத்துக்கறேன்” என்றுவிட்டாள்.

வாத்தியார் எங்களுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்று சொன்னால் பொய். யார் எப்போது நிறுத்த வேண்டும், யார் எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். அவருடைய அப்பா கீழ்நாட்டுக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். இவருக்கு ஆர்மோனியக் கட்டைகளில் விரல் ஓடும், அச்சடித்த ஸ்வரத்தைப் படிக்கத் தெரியும், குரலும் நல்ல குரல். ஆனால் எங்கள் குரல்கள் அவர் தந்ததில்லை. உடுக்கைக்காரரின் அடிக்குரல் சாமியை அழைத்து அழைத்து வந்தது. பலாப்பழக்காரர் சந்தையின் இந்த முனையில் கூவினால் அந்த முனையில் ஆள் திரும்பிப் பார்க்கும். என் குரல் சாமைக் காட்டில் விளைந்தது. வாத்தியாருக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. சொந்தமாக ஒரு மெட்டு போட வராது.

அதனால் அவர் எங்களிடம் எடுத்தார்.

மூன்று வயதில் என் தம்பி சுரத்தில் செத்துப் போனான். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டு அழுதாள். எங்கள் பக்கம் ஒப்பாரிக்கென்று பொதுவான மெட்டு உண்டு. அம்மா அழுதது அது இல்லை. அவளுக்கு அன்றைக்கு அப்படி வந்தது. அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, அவன் செத்த நாளில், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து அதைப் பாடுவாள். நான் ஒருநாள் சாமை குத்திக்கொண்டே அதை முணுமுணுத்தேன். வாத்தியார் கேட்டுவிட்டு முழுக்கப் பாடச் சொன்னார். யார் பாட்டு, எதற்குப் பாடியது என்று சொல்லித்தான் பாடினேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த மாதம் ஜெபக்கூடத்தில் ஒரு கல்யாணம். வாத்தியார் ஆர்மோனியத்தை இழுத்துத் துள்ளலாக ஒரு புதுப் பாட்டு ஆரம்பித்தார். மாப்பிள்ளையும் பெண்ணும், வேதத்தில் வரும் கானாவூர்க் கல்யாண விருந்தும் வந்த பாட்டு. மெட்டு அம்மாவுடையது. விருந்துக்கென்று அம்மா ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்திருந்தாள். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் வீட்டுக்குப் போனபோது ஒன்றுதான் கேட்டாள்.

“ஏங்கண்ணு, அது எப்படி அந்தாளு வாய்க்குப் போச்சு?”

மறுநாளே வாத்தியாரிடம் போனேன்.

“ஏனுங்க, அது எங்கம்மா எந்தம்பி செத்தப்ப அழுத பாட்டுங்க. கல்யாணத்துக்குப் பாடாதீங்க. அத உட்டுருங்க.”

“மெட்டுக்குப் பட்டாவா வாங்கி வெச்சிருக்கறீங்க?” என்று சிரித்தார். “கர்த்தருக்குன்னு குடுத்தாச்சு. இனி அது கர்த்தருது.”

கர்த்தருது என்றவர், சேந்தமங்கலத்திலிருந்து பாட்டுத்தாள் அச்சாகி வந்தபோது அதன் தலையில் தன் பெயரைப் போட்டிருந்தார். அந்த வருஷம் தம்பி செத்த நாளில் அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அறுப்பின் பண்டிகைக்குப் புது மெட்டு வேண்டும் என்று அவரே வந்து கேட்டார். நான் கொடுத்தேன். குரங்கு ஓட்டும் மெட்டைக் கொடுத்தேன்.

சாமை பால் பிடிக்கும்போதும் பலா பழுக்கும்போதும் எங்கள் வளப்பூர் நாட்டில் பகலெல்லாம் காவல். குரங்கைக் கண்டவர் ஒரு வரி பாடிக் கடைசியில் குரலை மேலே நிறுத்துவார். அது யார் காதில் விழுந்தாலும் “ஓஓ... ஹோய்!” என்று பதில் கொடுத்தே ஆக வேண்டும். சோறு தின்றுகொண்டிருந்தாலும் கொடுக்க வேண்டும், கூப்பிட்டவரோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். ஒற்றைக் குரலுக்குக் குரங்கு அசையாது. பதில் கொடுப்பதை எங்களில் யாரும் யோசித்துச் செய்வதில்லை.

வாத்தியார் காவல் காட்டுப் பக்கம் செருப்பு வைத்தவர் இல்லை. நான் அந்த மெட்டை இழுத்து இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, உருகிப் பாடிக் காட்டினேன். உடுக்கைக்காரர் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பலாப்பழக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. அவர்களும் எத்தனை கூட்டத்தில் கைகட்டி நின்றவர்கள்!

“நல்லாருக்குது. கொஞ்சம் வேகமா எடுத்தா இன்னும் எடுப்பா இருக்கும்” என்றார் வாத்தியார்.

“எடுங்க” என்றேன்.

பண்டிகையன்று முன்வரிசையில் துரையும் கீழேயிருந்து வந்த விருந்தாளிகளும். பின்னால் மலை ஜனம். நடுவில் சாமை மூட்டையும் பலாவும் மிளகும் காணிக்கையாகக் குவிந்திருந்தன. வாத்தியார் மார்பை நிமிர்த்தி முதல் வரியைப் பாடி, கடைசி எழுத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஓஓ... ஹோய்!”

இருநூறு தொண்டை. யாரோ காணிக்கைக்கு வந்த தகர டின்னை எடுத்து அடிக்கவும் செய்தார்கள். அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே உறைத்தது. பெண்கள் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வாத்தியாருக்கு முகம் வெளுத்தது, பாட்டை நிறுத்தவும் முடியவில்லை. இரண்டாம் வரி, இரண்டாம் ஓஹோய். அன்றைக்கு நான் பாடியதுபோல் என்றைக்கும் பாடியதில்லை.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. மலை ஜனம் இப்படி எழும்பி அவர் பார்த்ததே இல்லையாம். இனி எல்லாக் கூட்டத்திலும் இதைப் பாட வேண்டும், வாத்தியார் பெயரோடு அச்சிட வேண்டும் என்றார்.

கூட்டம் கலைந்ததும் வாத்தியார் என்னைத் தனியே நிறுத்தினார்.

“என்ன பாட்டு அது?”

“குரங்கு ஓட்டறதுங்க.”

“துரைகிட்டச் சொன்னன்னா உன் கதி என்னாவும் தெரியுமா?”

“சொல்லுங்க. மெட்டு உங்களுது இல்லைன்னும் சேத்துச் சொல்லுங்க.”

எங்கம்மா பாட்டைத் திருப்பிக் கொடுங்கள், ஜனத்தை நான் அடக்குகிறேன் என்றேன். அதற்கு என்னைக் குழுவிலிருந்து விலக்கினார். சரி என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கூட்டத்துக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து முதல் ஓஹோய் நான் கொடுத்தேன். புளியஞ்சோலைப் பக்கம் கூட்டம் நடந்தால் அங்கேயும் இறங்கிப் போனேன். பாடாமல் விட அவருக்கு வழியில்லை. பாட்டின் தலையில் அவர் பெயர் இருந்தது.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அம்மா செத்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அவள் மெட்டையே எடுத்தேன். அவளுக்கு வேறு எதைப் பாடுவது? பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எழவு ஊட்டுல கல்யாணப் பாட்டா பாடறது? வேற பாடு சாமி.”

சுற்றி இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் என்னைப் பார்த்தார்கள். எத்தனை கல்யாணத்தில் கேட்டிருப்பார்கள்! அந்த மெட்டில் அவர்களுக்கு அழுகை வரவில்லை. நான் பொதுவான ஒப்பாரியைப் பாடினேன். என் அம்மாவை ஊரார் பாட்டில் அனுப்பினேன்.

அடுத்த மழைக்கு வாத்தியாரும் மலைச் சுரத்தில் போனார். ஜெபக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். துரை ஜெபம் செய்துவிட்டு, அவருடைய பேர்போன பாட்டையே பாடுங்கள் என்றார். உடுக்கைக்காரரும் பலாப்பழக்காரரும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்கள். வரி முடிந்து குரல் மேலே நின்றது. சாவு என்று கூட்டம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது.

நான் கொடுத்தேன். அடிவயிற்றிலிருந்து கொடுத்தேன்.

துரை திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அது சாமை பால் பிடித்த நேரம். எதிர் மேட்டில் காவல் இருந்தவர்களுக்கு யார் செத்தார், யார் கூப்பிட்டார் என்று என்ன தெரியும்? அங்கிருந்து “ஓஓ... ஹோய்!” வந்தது. அதைக் கேட்டு அதற்கடுத்த மேட்டிலிருந்து வந்தது. தகரமும் அடித்தார்கள். குழி மூடும்வரை நான் நிறுத்தவில்லை, அவர்களும் நிறுத்தவில்லை.